தடுக்கப் போனவன்

இங்கன உக்காருங்க அண்ணாச்சி. நான் கொஞ்சம் தடிச்ச ஆளு, ஒதுங்கிக்கிடுதேன். அந்தப் பையக் காலுக்கடியில வைக்காதிய, ஊதுவத்தி ஒடஞ்சிரும். குடுங்க, என் மடியில இருக்கட்டும். மல்லியப்பூ, ஊதுவத்தி, அரைக்கிலோ சீனி. ஈச்சங்குளம் தர்காவுக்குத்தான? மொகத்தப் பாத்துச் சொல்லல, சீனியப் பாத்துச் சொல்லுதேன்.

போயிட்டு வாங்க. உங்கள நான் தடுக்க மாட்டேன். நீங்க திருநீறு பூசுன ஆளு, உங்க இஷ்டம். எங்க ஆளுவளத் தடுக்கதுக்கே எனக்கு நேரம் பத்தல.

நானும் தர்கா விலக்குக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். ஆனா பாருங்க, இன்னைக்கு நான் அங்கன எறங்குனா நாளைக்கு எனக்குத் தலைவர் பதவி கெடையாது. எறங்காம இருந்துட்டா பதவி திரும்ப வந்துரும். இது தெரிஞ்சும் எதுக்கு டிக்கெட் எடுத்தேன்னு கேக்கியளா? கேளுங்க. யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் ஏறுனதுலேருந்து வாயக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.

எம்பேரு அப்துல் அஹது. ஊருக்குள்ள வந்து அப்படிக் கேட்டியன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. பாத்திரக்கடை மைதீன் பிச்சைன்னு கேக்கணும். எங்க உம்மா ஒரு தர்காவுல நேந்து என்னப் பெத்தா, அங்க அடங்கியிருக்க அவுலியா போட்ட பிச்சைன்னு பேரு வச்சிட்டாவ. பத்து வருசத்துக்கு முன்ன அமைப்புல சேந்தப்பம் மொத வேலையா அத மாத்துனேன். ரேஷன் கார்டுல மாறிட்டு, ஆதார்ல மாறிட்டு, ஊர்க்காரன் நாக்குலதான் மாறல.

அமைப்புன்னா ஓட்டுக் கேக்குற கட்சின்னு நெனச்சிராதிய. படைச்சவன் ஒருத்தன், கேக்கத அவன்கிட்ட நேராக் கேளு, கபுர்க்குழியில படுத்திருக்க பெரியவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் அவங்ககிட்டக் கேக்காத, நடுவுல தரகன் வேண்டாம். இவ்வளவுதான் எங்க கொள்கை. பாத்திர வியாபாரத்துல தரகன் என்ன பாடு படுத்துவான்னு எனக்குத் தெரியும்லா, கேட்ட ஒடனே மனசுல ஒட்டிக்கிட்டு. வரதட்சணை வாங்குற கல்யாணத்துல நாங்க கை நனைக்க மாட்டோம். ஆஸ்பத்திரியில ரத்தம் வேணும்னா மொதல்ல எங்க பயலுவதான் ஓடுவானுவ. நல்ல காரியம் எவ்வளவோ பண்ணியிருக்கோம். நான் கிளைத் தலைவரா இருந்தப்பம் பண்ணுனதுதான் அதுல பாதி.

வீட்டயும் சும்மா விடல. சுவத்துல இருந்த தர்கா படம் போச்சு. வாசநெலையில கட்டுன தாயத்து போச்சு. பேத்தி இடுப்புல கெடந்த கருப்புக் கயிறு போச்சு. பாத்திஹாவும் போச்சு. பாத்திஹான்னா சோறாக்கி முன்னால வச்சு, மௌத்தானவங்களுக்காக ஓதிட்டு, பெறவு எல்லாத்துக்கும் பங்கு வைக்கது. அந்தச் சோத்துக்கு நார்சான்னு பேரு. நாங்க தொட மாட்டோம். இவ்வளவுக்கும் என் வீட்டுக்காரி ஜைத்தூனு ஒரு வார்த்தை பேசல. எடுக்கவான்னேன், சரின்னா. எரிக்கவான்னேன், சரின்னா. நான் சொல்லுவேன், அவ கேப்பா. எங்க குடும்பத்துல சண்டைங்கதே கெடையாது.

ஒண்ணே ஒண்ணத் தவிர. வியாழக்கெழம ஆச்சுன்னா சாயங்காலம் அசர் தொழுதுட்டு ஈச்சங்குளம் பஸ் ஏறிருவா.

"எதுக்குளா போற?"ன்னு கேட்டேன்.

"ஒரு நேர்ச்சை."

"என்ன நேர்ச்சை?"

"பலிச்ச பெறவுதான் சொல்லணும். முன்னக்கூடிச் சொன்னா பலிக்காது."

"படைச்சவன்கிட்டக் கேட்டா வீட்டுல இருந்தே கெடைக்கும்லா."

"அவன்கிட்டயும் கேட்டிருக்கேன்."

"இனிமே போகக் கூடாது."

"சரி."

அடுத்த வியாழக்கெழம நான் கடையில இருந்து எட்டிப் பாக்கேன், புர்காவ மாட்டிட்டு அதே பஸ்ஸுல அதே சன்னலோரத்துல ஒக்காந்திருக்கா. வெள்ளிக்கெழம மேடையேறி, தர்காவுக்குப் போகாதீங்கன்னு மைக்குல கத்துதவன் பொண்டாட்டி வியாழக்கெழம தர்காவுல நிக்கான்னா கேக்கவன் காதால சிரிப்பானா, வாயால சிரிப்பானா? எங்க செயலாளர் ஜலாலு, சவூதியில தம்மாம்ல இஞ்சினியரா இருந்துட்டு வந்தவரு, என்கிட்ட பாடம் படிச்ச தம்பி, மெதுவாச் சொல்லுதாரு, "பாய், மொதல்ல வீட்டத் திருத்தணும்"னு. எனக்குச் சொல்லிக் குடுக்காரு.

சரி, கையோட கூட்டிட்டு வந்துருவோம்னு நானும் ஈச்சங்குளம் போனேன். வாசல் வளைவுக்கு அங்கிட்டு காலு வைக்கல, பாத்துக்கிடுங்க. வெளிய நின்னே "ஜைத்தூனு, ஜைத்தூனு"ன்னு கூப்புட்டேன். பொழுதடஞ்சு மக்ரிபு தொழுது பாத்திஹா ஓதி முடிச்ச பெறவுதான் வெளிய வந்தா. "வந்துட்டியளா"ன்னு கேட்டா. அவ மொகத்துல அன்னைக்கு ஒரு சந்தோசம். தடுக்க வந்தவனப் பாத்து எதுக்குச் சந்தோசப்படணும்? புத்தி தெளிஞ்சிட்டு போலன்னு நெனச்சேன்.

அதுக்கு அடுத்த வாரமும் போனா. நானும் போனேன். அவ வர்ற வரைக்கும் சும்மா நிக்க முடியுமா? போறவங்க வர்றவங்களப் பிடிச்சு, "உள்ள என்னத்தக் கேக்கப் போறிய, நேரா அல்லாகிட்டக் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சேன். பெறவு ஒரு நாள் நல்ல மழை. மழையில நனைஞ்சிக்கிட்டு நில்லுன்னு எந்தக் கிதாபுலயும் இல்ல, அதனால வளைவுக்கு உள்ள இருக்க கொட்டகையில போய் நின்னேன். அங்க உதுமான் லெப்பைன்னு ஒருத்தரு. தர்காவுல ஓதுறவரு, வெள்ளத் தாடி, கண்ணு மட்டும் நரிக்கண்ணு. அவரு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியக் கொண்டாந்து போட்டு, "நின்னுக்கிட்டே தடுத்தா கால் வலிக்கும் அத்தா, ஒக்காந்து தடுங்க"ன்னாரு. நான் நாற்காலியத்தான் ஏத்துக்கிட்டேன், அவரு கொள்கைய ஏத்துக்கிடல.

சோறும் அப்படித்தான். நெய்ச்சோறும் கறியும் தட்டுல வச்சு நீட்டுதாரு. ஓதுன சோத்த நான் தொட மாட்டேன்னேன். "அது எனக்குத் தெரியாதா? உங்களுக்குன்னு ஓதுறதுக்கு முன்னாலயே தனிச்சட்டியில எடுத்து வச்சிட்டேன்"னாரு. ஒரு முஸ்லிம் சொன்னா நம்பணும்லா அண்ணாச்சி. நம்புனேன். ஒவ்வொரு வாரமும் நம்புனேன். நல்ல கறி.

அந்தச் சமயத்துலதான் ஒரு நாள் ஜைத்தூனு சட்டி நெறைய சக்கரச்சோறு ஆக்கிட்டு வந்து எல்லாத்துக்கும் வெளம்புனா. "நேர்ச்சையா?"ன்னேன். "ஆமா"ன்னா. அதோட சரி. மறு வாரம், "எனக்கு முட்டுவலி, வரல, நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டு வீட்டுல காலை நீட்டிட்டா. பாத்தியளா, சொல்லிச் சொல்லி திருத்திட்டேன். வெள்ளிக்கெழம கிளையில அத அறிவிச்சேன். ஜலாலு எந்திரிச்சு தக்பீர்னு குரல் குடுத்தாரு, கட்டடமே அதிர்ந்துட்டு. அன்னைக்கு எனக்கு இருந்த பெருமையில ரெண்டு ஆளு ஒக்காரலாம்.

அவ நின்னுட்டா, நான் எதுக்குத் திரும்பப் போனேன்னு நீங்களும் கேக்கிய, கிளையிலயும் கேட்டானுவ. ஒருத்தியத் திருத்திட்டா போதுமா? அங்க எத்தன சனம் வருது. நல்ல காரியத்த அரைகுறையா விட்டுட்டு வர எனக்கு மனசில்ல.

செங்கோட்டப் பக்கத்துலேருந்து ஒரு பொம்பள வந்தா. மவன் கல்யாணம் முடிச்சு தனியாப் போயிட்டான், போன் போட்டா எடுக்க மாட்டேங்கான். அழுது தீக்கா. நான் மக்ரிபு வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தேன். தடுக்கணும்னா மொதல்ல ஆள் என்ன சொல்லுதுன்னு கேட்டாத்தான தடுக்க முடியும்? கேட்டுட்டு நல்லா ஏசுனேன். "கபுரப் பிடிச்சி அழுதா அவன் போன எடுப்பானா, கோட்டி புடிச்சவளே. வீட்டுக்குப் போயி ரெண்டு ரக்காத்து தொழுது படைச்சவன்கிட்ட அழு. அழுதுட்டு பஸ் ஏறி நேரா அவன் வீட்டுக்குப் போ"ன்னு அனுப்பி வச்சேன். அடுத்த வியாழக்கெழம மவனையும் மருமவளையும் கூட்டிட்டு ஒரு தாரு வாழப்பழத்தோட வந்து நிக்கா. "உங்க ஏச்சுல பரக்கத்து இருக்கு"ங்கா. அதுக்கும் ஏசுனேன். அவளுக்குச் சந்தோசம் தாங்கல.

அப்பறம் பாருங்க, வாரா வாரம் கூட்டம். அந்தப் பக்கத்துச் சனத்துக்கு ஏச்சு வாங்குனாத்தான் மனசு நெறையும் போல. வியாபாரம் படுத்தவன் வாரான், பரீச்சையில பெயிலாப் போனவன் வாரான். உள்ள கபுருக்குப் போற வரிசைய விட கொட்டகை வரிசை நீளமாயிட்டு, லெப்பை கயிறு கட்டி ஒழுங்கு பண்ணுதாரு. எனக்கு 'ஏசுற பாவா'ன்னு ஒரு பேரும் வச்சிட்டானுவ. எவன் வச்சான்னு கண்டுபிடிச்சி ஏசலாம்னா, அவன் குடும்பத்தோட வந்து ஏச்சு வாங்கிட்டுப் போறான். நான் ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒண்ணுதான் சொல்லுதேன், "என்கிட்ட ஒண்ணும் இல்ல, எவன்கிட்டயும் போகாத"ன்னு. "சரி பாவா, அடுத்த வாரமும் வந்து கேட்டுக்கிடுதோம்"ங்கானுவ.

இதுல என் தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க.

போன மாசம் எவனோ செல்போன்ல படம் பிடிச்சு விட்டுட்டான். நான் நாற்காலியில ஒக்காந்திருக்கேன். ஒரு கெழவி தண்ணி பாட்டிலு நீட்டுதா. நான் மூடியத் தொறந்து, உள்ள ஊதுதேன். படத்துல பாத்தா, தர்காவுல தண்ணிக்கு ஓதி ஊதிக் குடுப்பாவள்ளா, அப்படித்தான் தெரியும். நடந்தது என்னன்னா, கெழவிக்கு விரல்ல வாதம், மூடி தொறக்க முடியல, நான் தொறந்து குடுத்தேன். என் வாய் எப்பமும் எதையாவது ஓதிக்கிட்டேதான் இருக்கும், அது நல்ல பழக்கம். ஓதுறப்பம் மூச்சு வெளிய வரத்தான செய்யும்? மூச்ச அடக்கிக்கிட்டு ஓத நான் என்ன யோகாசனமா பழகியிருக்கேன்?

படம் ஊரு பூரா சுத்திட்டு. கிளையில விசாரணை வச்சானுவ. செல்போன் கடைக்கு மாடியில எங்க ஆபீசு. நான் போடச் சொன்ன ஃபேன், நான் வாங்கிப் போட்ட பாயி, அதுல என்னையவே நடுவுல ஒக்கார வச்சி ஜலாலு கேள்வி கேக்காரு. எனக்குப் பயமே இல்ல. "நான் என் பொஞ்சாதியத் தடுக்கத்தான் போனேன். தடுத்தும் காட்டுனேன். அவளே சாட்சி, கூப்புடுங்க"ன்னுட்டேன். பொண்டாட்டி சாட்சி சொல்ல வந்தா ஒருத்தனும் எதுத்துப் பேச முடியாதுல்லா.

ஜைத்தூனு வந்து திரைக்கு அங்கிட்டு ஒக்காந்தா. ஜலாலு மரியாதையாத்தான் கேட்டாரு. "சாச்சி, பாய் உங்களத் தடுக்கவா தர்காவுக்கு வந்தாவ?"

"ஆமா, அதுக்குத்தான் வந்தாவ."

நான் எல்லாத்து மூஞ்சியவும் ஒரு சுத்துப் பாத்தேன்.

"இப்பம் நீங்க போறது இல்லியா?"

"இல்ல. நேர்ச்சை பலிச்சிட்டு. சோறாக்கி வெளம்பி முடிச்சிட்டேன். இனிமே எனக்கு அங்கன என்ன சோலி?"

அதோட விட்டிருக்கலாம் அந்தத் தம்பி. படிச்ச பிள்ளைக்கு எல்லாத்தயும் தெரிஞ்சிக்கிடணும். "என்ன சாச்சி நேர்ச்சை?"ன்னாரு.

"பலிச்சாச்சு, இனிமே சொல்லலாம். இவிய ஒருக்காலாவது தர்காவுக்கு வரணும்னு நேந்தேன். நான் ஒருக்காதான் கேட்டேன். அவுலியா ஒண்ணரை வருசமா வாரா வாரம் வரவச்சிட்டு இருக்காவ."

அவ்வளவுதான் அண்ணாச்சி. ஜலாலு கைக்குட்டைய எடுத்து வாயப் பொத்திக்கிட்டாரு. பின்னால எவனோ ஒருத்தன் இருமுதான். இருமல் இல்ல அது. எனக்கு அப்படியே பாய்க்கு அடியில போயிருலாமான்னு இருந்துச்சு. அவுலியாவால ஒண்ணும் ஆகாதுன்னு பத்து வருசம் மைக்குல கத்துனவன், அவுலியா காட்டுன கராமத்துக்கு, அதான் அற்புதத்துக்கு, நானே சாட்சியா நடுவுல ஒக்காந்திருக்கேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன், "ஏளா, நேந்துக்கிட உனக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலியா?"

"நீங்க பத்து வருசமாப் பேசிக்கிட்டே இருக்கிய. அங்கன எத்தனையோ சனம் மனசு நொந்து வருது. அந்த நடுவுல ஒருக்கா நின்னியன்னா, நீங்களும் மத்தவங்க சொல்லுதத காது குடுத்துக் கேப்பியன்னு நெனச்சேன்."

"கேக்கேன்லா. செங்கோட்டக்காரியக் கேட்டுப் பாரு."

"கேக்கியளாம். எல்லாரும் சொல்லுதாவ. எனக்குத்தான் தெரியாது."

இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு வெளங்கல. முட்டுவலியத்தான் சுத்தி வளச்சிச் சொல்லுதாளோன்னு மறுநாளே மாத்திரையும் தைலமும் வாங்கிக் குடுத்தேன்.

கிளையில கடைசியா என் பதவிய நிறுத்தி வச்சிட்டு ஒரு முடிவு பண்ணுனாவ. ஒரு மாசம் தர்காப் பக்கம் காலு வைக்காம இருந்து காட்டணும். இருந்துட்டா, ஜும்மாவுக்குப் பெறவு திரும்ப நான்தான் தலைவர்னு ஜலாலே அறிவிப்பாரு. இல்லன்னா ஜலாலு தலைவரு. பொய் சொல்லல அண்ணாச்சி, எனக்கு அந்தப் பதவி வேணும். அந்த மைக்குக்கு முன்னால நின்னா, பாத்திரக்கடை மைதீன் பிச்சை போயி நெசமாவே அப்துல் அஹது ஆயிருதேன். அதனால வாயக் கட்டி, காலக் கட்டி வீட்டுல கெடந்தேன். வியாழக்கெழம ஆனா அந்தச் சனமெல்லாம் யாருகிட்ட ஏச்சு வாங்கும்னு தவிப்பாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் போகல. இன்னைக்குத்தான் கடைசி வியாழன். இன்னைக்கு ஒரு பொழுத ஓட்டிட்டா போதும்.

அசர் தொழுதுட்டு பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கேன். ஜைத்தூனு புர்காவ மாட்டிட்டு வந்து நிக்கா.

"எங்க?"

"ஈச்சங்குளம்."

"முட்டுவலின்ன?"

"நீங்க வாங்கிக் குடுத்த தைலத்துல போயிட்டு."

"எதுக்கு இப்பம்?"

"புதுசா ஒரு நேர்ச்சை."

"என்னதுளா அது?"

"பலிச்ச பெறவுதான்."

வாசல தாண்டிப் போயிட்டா. நான் பேப்பர மடிச்சு வச்சிட்டு யோசிக்கேன். பின்னால போனேன்னு வைங்க, "எம்மாப்பிள திரும்ப தர்காவுக்கு வரணும்னு கேட்டேன், வந்துட்டாவ"ம்பா. போகாம வீட்டுலயே இருந்தேன்னு வைங்க, நாளைக்குத் தலைவர் பதவி வரும், "இவியளுக்குப் பதவி கெடைக்கணும்னு கேட்டேன், கெடச்சிட்டு"ம்பா. எப்படிப் போனாலும் பேரு அவுலியாவுக்குத்தான். படைச்சவன் குடுத்த புத்தியில நானா ஒரு காரியம் செய்யணும்னா எதத்தான் செய்யட்டும்? மெல்லவும் முடியல, துப்பவும் முடியல. யோசிச்சி முடிக்கதுக்குள்ள பஸ் ஆரன் அடிச்சான், செருப்ப மாட்டிட்டு ஓடி வந்து பின்வாசல்ல ஏறிட்டேன்.

ஆமா, இந்த பஸ்ஸுலதான் இருக்கா. அந்தா, டிரைவருக்குப் பின் சீட்டுல, சன்னலோரம். விலக்கு வர்றதுக்குள்ள முன்னால போயி, எறங்காத, வா வீட்டுக்குன்னு சொல்லிரலாம்னுதான் இருந்தேன். நீங்க கேட்டிய, நான் பேசிக்கிட்டே வந்துட்டேன். இன்னும் போயி அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க.

தர்கா விலக்கா? வந்துட்டா அதுக்குள்ள?

எந்திரிச்சிட்டா. பாத்தியளா, முட்டுவலிக்காரி எறங்குத வேகத்த. எறங்குனவ போக வேண்டியதுதான, எதுக்குத் திரும்பி நிக்கா? சன்னல் சன்னலாப் பாக்கா. என்னத்தான் தேடுதா. அவ என்ன இப்படித் தேடிப் பாத்து எத்தனையோ வருசமாச்சு அண்ணாச்சி.

அவ அப்படி என்னத்தத்தான் கேட்டான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். பதவி கெடந்துட்டுப் போவுது, ஜலாலு நல்ல பிள்ளதான், பாத்துக்கிடுவாரு. எறங்கி, அந்தப் புளியமரத்தடியில அவள ஒக்கார வச்சு, இன்னைக்கு நீ சொல்லுளான்னு சொல்லப் போறேன். மொதல்லேருந்து அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் நடுவுல ஒரு வார்த்தை பேச மாட்டேன். இதுவாவது நானா எடுத்த முடிவா இருக்கட்டும், எந்த அவுலியாவுக்கும் இதுல பங்கு கெடையாது.

இந்தாங்க உங்க பை, சீனி பத்திரம். ஏ கண்டக்டர் தம்பி, விசில் குடுத்துராதிய, பின்னால ஆள் எறங்கணும்.